மூக்கை நம்பும் இடமும் மீட்டரை நம்பும் இடமும்

பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு படிக்கும் மகளைப் பற்றி ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "நீர்ப் பொறியியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சிங்கப்பூரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, எல்லாமே கணினிமயம். இந்த வேலையில் வெளியே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? வெளியூர்ப் பயணம் உண்டா? பெண் பிள்ளைக்கு ஒத்து வருமா?"

இந்தத் துறையில் எனக்கு 26 ஆண்டுகள் ஆகிவிட்டன. கால்வாய், நீர்த்தேக்கம், கழிவுநீர்ச் சுரங்கம், கடல்நீர் ஆலை என்று எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நின்றிருக்கிறேன். உங்கள் மூன்று கேள்விக்கும் எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

வெளி வேலை நிறையவே உண்டு. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வேறு நாடுகளில் அது மலையும் காடுமாக இருக்கும். இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கூரை, கார் நிறுத்துமிடம், பள்ளித் திடல், விரைவுச்சாலை எல்லாமே நீர்ப்பிடிப்புதான். உங்கள் புளோக்குக்குக் கீழே ஓடும் லோங்காங்கில், அதாவது சாக்கடை வாய்க்காலில், விழும் மழைநீர் பெரிய கால்வாய்க்குப் போகிறது, அங்கிருந்து 17 நீர்த்தேக்கங்களில் ஒன்றுக்குப் போகிறது, சுத்திகரிக்கப்பட்டு உங்கள் வீட்டுக்கே திரும்பி வரலாம். அதனால் நீர்ப் பொறியாளருக்கு ஏறக்குறைய தீவு முழுவதுமே வேலையிடம். நான் உணவங்காடிப் பின்புறங்களில் நின்று எண்ணெய்ப் படலம் எங்கிருந்து வருகிறது என்று தேடியிருக்கிறேன். லிம் சூ காங் பக்கம் முழங்கால் அளவு சேற்றிலும் நின்றிருக்கிறேன்.

கணினி இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது, அது நல்லதும்கூட. ஆனால் கணினிக்குத் தகவல் கொடுப்பது தண்ணீருக்குள் கிடக்கும் கருவி. அதன் மேல் பாசி படியும், நத்தை ஒட்டும், வெயிலில் கம்பி வெடிக்கும். திரையில் வரும் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது காலணியை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது இந்த வேலையில் பாதி. அது வகுப்பில் வருவதில்லை, தண்ணீர்ப் பக்கம் நின்று நின்றுதான் வருகிறது.

ஒரு சம்பவம். கால்வாய் ஒன்றில் நீர்மட்டம் அளக்க, பாலத்துக்கு அடியில் ஒலியலைக் கருவி பொருத்தியிருந்தோம். அது மேலிருந்து ஒலியை அனுப்பி, நீரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து மட்டத்தைக் கணக்கிடும். ஓர் இரவு 2 மணிக்கு என் கைப்பேசியில் எச்சரிக்கை வந்தது: மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. வெளியே பார்த்தால் வானத்தில் நட்சத்திரம். மேலே எங்காவது குழாய் உடைந்திருக்குமோ என்று பதறி ஓடினேன். கால்வாயில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் ஓடியது. கருவியின் வாய்க்கு நேராக ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. அதில் ஈரம் கோத்துக்கொள்ளக் கோத்துக்கொள்ள, ஒலி வலையில் பட்டே திரும்பி வந்திருக்கிறது. இப்போது பல இடங்களில் ரேடார் கருவி வந்துவிட்டது, அது இப்படி ஏமாறுவது குறைவு. ஆனாலும் அன்றிலிருந்து எந்த எச்சரிக்கை வந்தாலும் முதலில் பக்கத்து மழைமானியைப் பார்ப்பேன், அதற்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் உள்ள இரண்டு நிலையங்களைப் பார்ப்பேன். தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் தனியாக ஏறாது.

அப்புறம், மூக்கு. உங்கள் மகள் இதைக் கேட்டால் சிரிக்கக்கூடும், ஆனால் குடிநீர் ஆலையில் மனித மூக்கு ஒரு முறையான கருவி. நீர்த்தேக்கத்தில் சில வகை நீலப்பச்சைப் பாசி பெருகினால் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் உண்டாகும். கோடையில் காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழும்போது எழும் மண்வாசனை இருக்கிறதே, அதற்குக் காரணமும் இதே பொருள்தான். ஊரில் அந்த வாசனைக்கு ஏங்குவோம். குழாய்த் தண்ணீரில் வந்தால் புகார் எழுதுவோம். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் யாருக்கும் குடிக்கப் பிடிக்காது. ஒரு லிட்டரில் 10 நானோகிராம் அளவு இருந்தாலே பலருடைய மூக்கு பிடித்துவிடும். நானோகிராம் என்றால் ஒரு கிராமின் 100 கோடியில் ஒரு பங்கு. அதே அளவைக் கண்டுபிடிக்க ஆய்வகத்துக்கு விலை உயர்ந்த கருவியும் சில மணி நேரமும் வேண்டும். தண்ணீரைச் சற்றுச் சூடாக்கி, மூடியைத் திறந்து, பழகிய இரண்டு மூன்று பேர் முகர்ந்தால் நிமிடத்தில் விடை. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது இதைச் சொல்லிக்கொடுத்த அண்ணன் காலையில் காப்பி குடிக்க மாட்டார், முகர்ந்து முடித்த பிறகுதான் குடிப்பார்.

மீனையும் கருவியாக வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகமும் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய முறை அது. தொட்டியில் மீன்கள் நீந்தும், அதன் வழியே ஆலை நீர் ஓடும், கேமரா மீன்களின் அசைவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நீரில் ஏதாவது நச்சு கலந்து மீன்களின் நடமாட்டம் மாறினால் எச்சரிக்கை வரும். ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்கு ஆயிரம் சோதனைகளை ஒரே நேரத்தில் செய்ய முடியாது. மீன் உடம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்லிவிடும். நீர்த்தேக்கத்தில் மிதந்து நீரின் தரத்தை அளக்கும் அன்னப்பறவை வடிவ இயந்திரம் ஒன்றையும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர் செய்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையான அன்னம் போலவே இருக்கும்.

எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த நேரம் விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரம். ஏன் அந்த நேரம் என்றால், பகலில் பாசி வெயிலை வாங்கிப் பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அதே பாசி நீரிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். அதனால் பிற்பகல் 3 மணிக்கு அளந்தால் நீர் நன்றாக இருப்பதுபோல் தெரியும், விடியலுக்குச் சற்று முன்தான் உண்மையான கீழ்மட்டம் தெரியும். அலுவலக நேரத்தில் மட்டும் அளக்கிறவர் அந்த நீர்த்தேக்கத்தைப் பாதிதான் பார்க்கிறார்.

வெப்பமண்டல நீர்த்தேக்கத்தில் இன்னொரு சங்கதி உண்டு. மேலே 31 டிகிரி, அடியில் 28 டிகிரி என்றால், மூன்று டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் நீர் சூடாக இருக்கும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் அடர்த்தி அதிகமாக மாறும். குளிர்நாட்டு ஏரியில் 4 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் இடையே உள்ள அடர்த்தி வித்தியாசத்தை, நம் ஊரில் 28க்கும் 31க்கும் இடையே உள்ள 3 டிகிரியே தந்துவிடும். அதனால் மேல்நீர் அடிநீரோடு சேராமல் எண்ணெய் போல மேலேயே நிற்கும். அடியில் பிராணவாயு தீரும். சேற்றிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து வெளியே வரும். இதைத் தடுக்கத்தான் நீருக்கடியில் காற்றுக்குழாய் போட்டுக் குமிழி விடுகிறோம்.

ஒருநாள் இப்படி விடியலில் படகில் போனோம். படகோட்டி ஒரு மலாய்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பாக்சிக் (மலாயில் மாமா) என்றுதான் கூப்பிடுவோம். முந்தைய இரவு சுமத்ராக் காற்று அடித்திருந்தது. சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைத் தாண்டி வரிசையாக வரும் புயல்மழை அது, பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோதான் வந்து சேரும், பலத்த காற்றும் குளிர்ந்த மழையும் கொட்டும். நான் கருவியைத் தண்ணீரில் இறக்கத் தயாரானேன். அவர் கையைப் பிடித்து, "இங்கே வேண்டாம், அங்கே பார்" என்று மேற்குக் கரையைக் காட்டினார். கரை ஓரம் கொக்குகளும் நாரைகளும் தோளோடு தோள் நிற்பதுபோல் வரிசையாக நின்றன. மற்ற கரைகளில் ஒன்றுகூட இல்லை. அங்கே போய்க் கருவியை இறக்கினால் பிராணவாயு ஏறக்குறைய இல்லை. இரவுக் காற்று நீரைப் புரட்டி, அடியில் கிடந்த கெட்ட நீரை அந்தப் பக்கம் மேலே கொண்டுவந்திருக்கிறது. மீன்கள் மூச்சு வாங்க மேலே வந்திருக்கின்றன. பறவைகளுக்கு அது விருந்து. எங்கள் நிலையான கருவிகள் இருந்தது வேறு கரையில், அவற்றின் எண்களில் எந்தக் குறையும் இல்லை. அன்றைக்கே நடமாடும் காற்றுப் பம்புகளை அந்தப் பக்கம் மாற்றினோம். என் குறிப்பேட்டில் இப்போதும் தேதி, வெப்பநிலை, பிராணவாயு என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் "பறவை" என்று ஒரு கட்டம் உண்டு.

இயற்கையைப் பற்றிச் சொல்லும்போது பீஷான் - அங் மோ கியோ பூங்காவை விட முடியாது. அங்கே காலாங் ஆறு முன்பு நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாய். கான்கிரீட்டை உடைத்தெடுத்து, வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். கரை அரிக்காமல் இருக்கச் செடிவேர், கல், மரக்கட்டை, நார் ஆகியவற்றை வைத்தே கரை கட்டினார்கள். எனக்குக் கணக்கின் மேல் நம்பிக்கை உண்டு, இருந்தாலும் முதல் பெருமழையில் குடையோடு போய் நின்றேன். நீர் புல்வெளி மேல் ஏறியது, அகலமாகப் பரவியது, மழை விட்டதும் இறங்கியது. கான்கிரீட்டில் குறுகி வேகமாக ஓடுவதைவிட இங்கே பெருவெள்ளம் ஓட அதிக இடம் கிடைக்கிறது. பிறகு நீர்நாய்கள் வந்தன. யாரும் கொண்டுவந்து விடவில்லை, தாமாக வந்து குட்டி போட்டன. 1977இல் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் பகுதியையும் சுத்தம் செய்யத் தொடங்கி 10 ஆண்டுகள் உழைத்தார்கள். அந்த உழைப்பு இல்லாமல் இந்த நீர்நாய் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

நகரத்து ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் இருக்கும் மரினா அணைக்கட்டுக்கு உங்கள் மகளை ஒருமுறை கூட்டிப்போங்கள். 350 மீட்டர் நீளம், ஒன்பது கதவுகள், 2008இல் திறந்தது. அதன் நீர்ப்பிடிப்பு 10,000 ஹெக்டேர், அதாவது 100 சதுர கிலோமீட்டர். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 50 லட்சம் கன மீட்டர். கொஞ்சம் மண்ணில் ஊறும், மற்றது நகரின் நடுவே ஓடி வந்து சேரும். கடல் இறங்கியிருந்தால் கதவைத் தாழ்த்தினால் போதும், தானாக வெளியேறும். கடல் ஏறியிருக்கும்போது கதவைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும். அப்போது ஏழு பெரிய பம்புகள், ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர், நீரைக் கடலுக்குத் தள்ளும். ஏழும் சேர்ந்து ஓடினாலும் அந்த 50 லட்சத்தை வெளியேற்ற ஏறக்குறைய 5 மணி நேரம். அதனால்தான் அங்கே வேலை செய்பவர்கள் வானிலையையும் கடல்மட்ட அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அந்தக் கதவுகளை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது என் தாத்தா ஊர்க் கண்மாய். சிவகங்கைப் பக்கம். கண்மாயின் ஓரத்தில் கலிங்கு இருக்கும், மிகுதி நீர் வழிய விடும் இடம். அதன் மேல் இடைவெளி விட்டுக் கற்களை நட்டு வைத்திருப்பார்கள். பருவமழை முடியும் தறுவாயில் அந்த இடைவெளிகளில் மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தால் நீர்மட்டம் இன்னும் கொஞ்சம் ஏறி நிற்கும். பெருவெள்ளம் வரும் அறிகுறி தெரிந்தால் பிடுங்கி விட வேண்டும். எப்போது அடைப்பது, எப்போது பிடுங்குவது என்று முடிவு செய்ய நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். தேக்கவும் வேண்டும், கரை உடையவும் கூடாது என்ற அதே இழுபறிதான் மரினாவிலும். ஒருமுறை ஊருக்குப் போனபோது அந்த நீர்க்கட்டிப் பெரியவரிடம் கைப்பேசியில் மரினா படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "கடல் பக்கத்துத் தண்ணி ஏறுனா என்ன செய்வீக?" என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி. பல பட்டதாரிகளிடம் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன், அதை முதலில் கேட்டவர் அவர்தான்.

பயணம் பற்றிக் கேட்டீர்கள். உண்டு. என்னுடைய பயணங்களில் இரண்டு மறக்காது. 2016 அக்டோபரில் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் உள்ள லிங்கியு நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்த ஆண்டு கோத்தா திங்கியில் ஜோகூர் ஆற்றங்கரையில் நின்றேன். 1962 ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூர் அந்த ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம், 2061 வரை அது செல்லும். ஆனால் ஆற்றில் நீர் குறைந்தால் கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறும். அதை எதிர்த்துத் தள்ளத்தான் லிங்கியுவிலிருந்து நீர் விடுகிறார்கள். காகிதத்தில் இருக்கும் 250 ஆற்றில் இருக்க வேண்டுமென்றால் மேலே மழை பெய்திருக்க வேண்டும்.

அடுத்தது 2019 சென்னை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் வற்றிய கோடை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. செம்பரம்பாக்கத்தின் வெடித்த தரையில் நடந்தபோது, அதே ஏரி 2015 வெள்ளத்தில் நிரம்பி நீர் திறந்துவிட்டதை நினைத்தேன். இடையில் நாலு வருடம்தான். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அந்தக் கோடையிலும் ஓடின, மழையை நம்பாத தண்ணீர் என்பதன் அருமை அங்கே புரிந்தது. நம் துவாஸ் ஆலையும் 2005 முதல் அதற்குத்தான். ஆனால் மின்சாரம் தின்னும்: ஒரு கன மீட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஏறக்குறைய 3.5 யூனிட். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் 1,22,000 சூரியத் தகடுகள் மிதப்பது இந்தக் கவலையால்தான். கழிவுநீரை மீண்டும் சுத்தமாக்கும் நியூவாட்டருக்குச் செலவு குறைவு, ஏனென்றால் அதில் உப்பு குறைவு. அந்த ஒரு காரணத்துக்காகவே நியூவாட்டர் நம் ஊரின் மிகப் புத்திசாலித்தனமான முடிவு என்று நான் யாரிடமும் சொல்வேன்.

சரி, பெண் பிள்ளைக்கு ஒத்து வருமா என்ற கேள்வி. நேரடியாக ஒரு நாளைச் சொல்கிறேன். நம் ஊரின் கழிவுநீர் ஆழத்தில் சுரங்கமாக ஓடுகிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர், 2008இல் முடிந்தது. அதற்குப் போய்ச் சேரும் சிறு குழாய்களில் ஒன்றை ஆய்வு செய்ய ஒரு மேன்ஹோலுக்குள் இறங்க வேண்டியிருந்தது. அங்கே எமன் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. கொஞ்சமாக இருந்தால் மூக்கு உடனே சொல்லும். அதிகமானால், பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு வந்தால், மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து. ஜியோஸ்மினுக்கு மூக்கை நம்பச் சொன்ன நானே சொல்கிறேன், இங்கே மூக்கை நம்பினால் சாவு. இங்கே மீட்டர் மட்டும்தான்.

அன்று என்னோடு வந்த இளம் பொறியாளர், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான தமிழ்ப் பெண். வாயு அளப்பதும், உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்திடுவதும் அவர் பொறுப்பு. மூடியைத் திறந்ததும் மேலே எடுத்த அளவு பூஜ்யம். மேகம் கட்டிக்கொண்டு வந்தது, மழைக்கு முன் முடிக்க வேண்டுமென்று எனக்கு அவசரம். "நாத்தமே இல்லையே மேடம், எறங்கிடவா?" என்று கேட்டார் புதுக்கோட்டைக்காரரான ஒரு தொழிலாளி, ஹார்னஸைக் (பாதுகாப்புப் பட்டையை) கூட மாட்டிவிட்டார். நானும் தலையாட்டினேன். அந்தப் பெண், "சார், நடுவிலும் அடியிலும் இன்னும் எடுக்கவில்லை" என்று சொல்லி மீட்டரின் குழாயைக் கீழே விட்டார். நடுவில், அதே பத்து லட்சத்தில் பங்குக் கணக்கில், 4. அடியில், நீண்ட கழியால் சேற்றைக் கிளறிவிட்டு எடுத்ததும் மீட்டர் கத்தியது: 60ஐத் தாண்டிவிட்டது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, சேற்றுக்குள் அடைபட்டும் கிடக்கும், கால் வைத்தால்தான் வெளியே வரும். இறங்குபவர் செய்யப்போகும் முதல் வேலை அந்தச் சேற்றில் கால் வைப்பது.

அவர் பெர்மிட்டை மூடி வைத்தார். புளோவரைப் போட்டுக் காற்றை உள்ளே தள்ளினோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று உயரத்திலும் அளந்து எழுதினார். மழை வந்தது, மூடியை மூடிவிட்டுப் பாலத்தடியில் ஒதுங்கினோம். அன்று இறங்கவே இல்லை. மறுநாள் காலை புளோவர் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, சேற்றைக் கிளறியும் பூஜ்யம் வந்தபோதுதான் கையெழுத்துப் போட்டார். புதுக்கோட்டைக்காரர் இறங்கி, இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு ஏறி வந்தார்.